டி.எல்.எம். பெட்டி: கற்பித்தல் பயிற்சிக்குப் போகிறவர்கள் வாங்கலாமா?

தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சி படிக்கும் மாணவிகள், கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளி ஒதுக்கியதுமே கடைகளில் கட்டி வைத்திருக்கும் டி.எல்.எம். (கற்பித்தல் துணைக்கருவிகள்) பெட்டியைத் தேடிப் போகிறார்கள். குச்சிகள், மணிச்சட்டம் (அபாகஸ்), எழுத்துச் சக்கரம், மின்னட்டை (ஃப்ளாஷ் கார்டு), கடிகாரம் எல்லாம் ஒரே பெட்டியில் கிடைக்கும். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு என்று பார்த்தால் அதில் பாதிதான் தேறும்.

பெட்டியிலேயே மலிவான பொருள் குச்சிகள். அதிகம் உழைப்பதும் அவைதான். பத்துப் பத்தாகக் கட்டினால் 'பத்து' என்பது கையில் பிடிக்கிற பொருளாகிவிடும். 42-லிருந்து 17-ஐக் கழிக்க வேண்டுமா? நான்கு கட்டு, இரண்டு உதிரி. இரண்டிலிருந்து ஏழு போகாது. ஒரு கட்டை அவிழ்த்தால் உதிரி 12 ஆகிவிடும். ஏழை எடுத்தால் ஐந்து. மீதி மூன்று கட்டில் ஒன்றை எடுத்தால் இரண்டு. விடை 25. 'கடன் வாங்குதல்' என்ற சொல்லே இல்லாமல் குழந்தைக்கு விஷயம் புரிந்துவிடும். கூடவே வரும் ரப்பர் பேண்டு வெயிலில் இற்றுப்போகும். தலைமுடிக்குப் போடும் துணி பேண்டு நிற்கும். பெட்டியில் 50 குச்சிதான் இருந்தால் இன்னும் 50 சேர்த்துக்கொள்ளுங்கள். பத்துக் கட்டு சேர்ந்தால்தான் நூறைக் காட்ட முடியும்.

மணிச்சட்டம் அதற்குப் பிறகுதான். அதில் பத்துகளின் கம்பியிலிருந்து ஒரு மணியைக் கொடுத்து ஒன்றுகளின் கம்பிக்குப் பத்து மணி வாங்கும்போது, ஏன் என்று குழந்தைக்குத் தெரியாது; டீச்சர் சொன்னதால் நம்பும். கம்பியின் உயரத்தைக் கடையிலேயே பாருங்கள். ஒரு கம்பியில் ஒன்பது மணிகளுக்கு மேல் நுழையக் கூடாது. பன்னிரண்டு மணி நுழைகிற கம்பியில் பிள்ளை பன்னிரண்டையும் ஒன்றுகளிலேயே போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். அடுத்த இடத்துக்குப் போக வேண்டிய அவசியமே வராது. கம்பிக்கு ஒரு நிறம் வைத்த சட்டமும் வேண்டாம். சிவப்பு மணி என்றால் நூறு என்று நிறத்தை மனப்பாடம் செய்வார்கள், இடமதிப்பு தங்காது. இன்னொன்று: பிள்ளைகளைப் பார்த்து நிற்கும்போது அவர்களுடைய வலப்பக்கம் உங்களுக்கு இடப்பக்கம். ஒ, ப, நூ (ஒன்று, பத்து, நூறு) என்று சட்டத்தின் முன்னும் பின்னும் எழுதி ஒட்டிவிட்டால் தடுமாற்றம் இல்லை.

எழுத்துச் சக்கரத்துக்காக இந்தப் பெட்டியை வாங்காதீர்கள். உள்வட்டத்தில் மெய், வெளிவட்டத்தில் துணையெழுத்து; சுற்றினால் உயிர்மெய் வரும் என்பது கணக்கு. கா, சா, பா வரை சரி. உகர வரிசையில் சக்கரம் நின்றுவிடும். கு, சு, து, டு, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். பொதுவாக ஒட்ட ஒரு குறியே கிடையாது. கொ, கோ எழுத இரண்டு பக்கமும் குறி வேண்டும், சக்கரம் ஒரு பக்கம்தான் தரும். தப்பான வடிவம் ஒருமுறை கண்ணில் பதிந்தால் அழிப்பது பெரும்பாடு. வாங்கிவிட்டவர்கள் மேலே வெள்ளைத்தாள் ஒட்டி, நடுவில் 'ல்', சுற்றிலும் க, ப, வி, நெ, சொ என்று முழு எழுத்தாக எழுதிக்கொள்ளலாம். கல், பல், வில், நெல், சொல் என்று பிள்ளைகளே சுற்றிச் சுற்றி வாசிப்பார்கள்.

கடிகாரத்தில் பெரிய முள்ளை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். சின்ன முள் கூடவே ஓர் எண் நகர வேண்டும். நகராவிட்டால் மூன்றரை மணிக்கும் அது மூன்றிலேயே நிற்கும். அதையே பிள்ளைகள் சரி என்று எடுத்துக்கொள்வார்கள்.

மின்னட்டை பரவாயில்லை ரகம். பளபளப்பான லேமினேஷன் ஜன்னல் வெளிச்சத்தில் மின்னி எழுத்தை மறைக்கும். எழுத்து மூன்று அங்குல உயரமாவது இருந்தால்தான் கடைசி வரிசைக்குத் தெரியும். அட்டையின் பின்பக்க மூலையில் அதே எழுத்தைப் பென்சிலால் சிறியதாக எழுதி வையுங்கள். கட்டின் கடைசி அட்டையை முன்னுக்குக் கொண்டுவந்து காட்டும்போது, குனிந்து பார்க்காமலே எந்த எழுத்து என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

குச்சியும் மணிச்சட்டமும் தனியாகக் கிடைத்தால் அவற்றை மட்டும் வாங்குங்கள். மின்னட்டையைக் கெட்டி சார்ட்டில் வீட்டிலேயே வெட்டிக்கொள்ளலாம்.