அடக்குவதா, பழகுவதா? பதற்றத்துக்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

மூச்சை இழுத்து விடச் சொல்பவர்கள் உண்டு, மனதை வேறு பக்கம் திருப்பச் சொல்பவர்கள் உண்டு, மாத்திரை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்பவர்களும் உண்டு. மூன்றுமே ஏதோ ஓரிடத்தில் பலிக்கும். எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. அந்த நேரத்துக்கு உடலை அடக்கும் வழி வேறு. அடுத்த முறை பயமே எழாதபடி பழக்கும் வழி வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான், ஒழுங்காகப் பயிற்சி செய்பவர்களுக்கும் பீதி விடாமல் திரும்பி வருகிறது.

அன்றாட மன அழுத்தத்துக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியும்: முடிக்க வேண்டிய வேலை, கடன், வீட்டில் ஒரு நோயாளி. காரணம் விலகினால் உடலும் இறங்கிவிடும். தொடர் கவலை அப்படியல்ல. ஒன்று தீர்ந்தால் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். பலதைப் பற்றிய அந்தக் கவலை 6 மாதங்களாவது, பெரும்பாலான நாட்களில் நீடித்து, வாழ்க்கையைக் கெடுத்தால் மருத்துவர்கள் அதை நோயாகக் கணக்கிடுகிறார்கள். பேனிக் அட்டாக் திடீரென்று பொங்குவது. நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், விரல் மரத்துப்போகும், செத்துவிடுவோம் என்று தோன்றும். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, அரை மணி நேரத்தில் வடியும்.

முதல்முறை இப்படி வந்தால் பேனிக் என்று நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், அல்லது உடலை வருத்தும்போது வந்தால், உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். தைராய்டு மிகைச் சுரப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, ரத்தசோகை ஆகியவையும் இதே வேஷத்தில் வரும்.

மெதுமூச்சுக்கு எதிரே உணர்வுப் பழக்கம்

மெதுமூச்சின் முறை எளிது. மூக்கால் 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு. மொத்தம் 5 நிமிடம். மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயத் துடிப்பு தணிகிறது. அதனால்தான் வெளிமூச்சை நீட்டச் சொல்கிறோம்.

தவறு எங்கே நடக்கிறது? ஆழமாக மூச்சு விடச் சொன்னால், பெரிதாக விடச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள். பதற்றத்தில் இருப்பவர் பெரும்பாலும் தேவைக்கு மேலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும். விரல்களிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவதுபோல் இருக்கும். அப்போது மார்பு நிறைய இழுத்தால் எல்லாம் இன்னும் மோசமாகும். ஆகவே சிறிய மூச்சு, மெதுவான மூச்சு. வயிறு லேசாக எழும்பினால் போதும். காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய வழக்கத்தைக் கைவிடுங்கள்: வந்தது மாரடைப்பாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால், பைக்குள் ஆக்சிஜன் குறைவது உயிருக்கே ஆபத்து.

இன்னொரு வகை, இரட்டைப் பெருமூச்சு: மூக்கால் இழுத்து, அதன் மேலேயே இன்னொரு சிறு இழுப்பு, பிறகு வாய்வழியே நீளமாக விடுதல். 2023-இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் தினம் 5 நிமிடம், ஒரு மாதம் இதைச் செய்தவர்களின் மனநிலை, தியானம் செய்தவர்களுடையதைவிடக் கூடுதலாக உயர்ந்தது. பதற்றம் குறைந்ததில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. அன்றாட மன அழுத்தத்துக்கு மூச்சுப் பயிற்சியே எங்கள் முதல் தேர்வு.

பேனிக்கில் நிலைமை வேறு. 1986-இல் உளவியலாளர் டேவிட் கிளார்க் முன்வைத்த விளக்கத்தின்படி, பீதியை வளர்ப்பது உடல் உணர்வுக்கு நாம் கொடுக்கும் பொருள். படியேறியதால் வந்த படபடப்பை மாரடைப்பு என்று நினைக்கிறோம். பயத்தில் அட்ரினலின் சுரந்து படபடப்பு கூடுகிறது. கூடியதையே அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறோம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உணர்வுப் பழக்கம் இந்தச் சுழலுக்குள்ளேயே கைவைக்கிறது. எந்த உணர்வுக்குப் பயமோ அதை வேண்டுமென்றே வரவழைத்து, தானே அடங்கும்வரை கூட இருப்பதுதான் அது.

படபடப்புக்குப் பயந்தால் நின்ற இடத்திலேயே 1 நிமிடம் ஓட வேண்டும். தலைசுற்றலுக்குப் பயந்தால் சுழல் நாற்காலியில் 1 நிமிடம் சுற்ற வேண்டும். மூச்சு முட்டுவதற்கு, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக 1 முதல் 2 நிமிடம் சுவாசிக்க வேண்டும். மரத்துப்போகும் உணர்வுக்கு 1 நிமிடம் வேகமாக மூச்சுவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் உணர்வு எவ்வளவு, பயம் எவ்வளவு என்று 10-க்குத் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். உணர்வு 8 இருக்கலாம்; இறங்க வேண்டியது பயம். ஓர் அமர்வில் 3 முதல் 5 முறை, தினமும். பயம் 2-க்கு வந்ததும் அடுத்த பயிற்சி. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

இதைக் கெடுப்பவை இரண்டு. பயம் உச்சத்தில் இருக்கும்போது நிறுத்திவிடுவது ஒன்று. தப்பித்தோம் என்ற பாடமே மனதில் பதியும். மற்றது ஊன்றுகோல்: தண்ணீர் பாட்டில், கதவோர இருக்கை, நாடித் துடிப்பை எண்ணிக்கொண்டே இருப்பது. ஆபத்தே இல்லை என்று மூளை கற்பதற்குப் பதிலாக, பாட்டில் காப்பாற்றியது என்று கற்றுவிடும். மெதுமூச்சும் இப்படி ஊன்றுகோலாகலாம். இந்தப் பயிற்சியின் நடுவே அதைச் செய்யாதீர்கள்.

பேனிக்குக்கான சிகிச்சைகளைக் கூறு கூறாகப் பிரித்து 72 ஆய்வுகளை ஒப்பிட்ட 2018-ஆம் ஆண்டு அலசலில், உணர்வுப் பழக்கம் சேர்ந்திருந்தவை கூடுதலாகப் பலன் தந்தன. மூச்சுப் பயிற்சியால் கிடைத்த கூடுதல் பலன் சிறியது. தசைகளை இறுக்கி விடும் தசைத் தளர்த்தல் சேர்ந்தவை பின்தங்கின. செய்ய இதமாக இருப்பதைத் தேடிப் போகிறோம். பேனிக்கைக் குறைப்பதோ இதமில்லாதது.

தசைத் தளர்த்தலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 1920-களில் அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் உருவாக்கிய இந்த முறை, கழுத்து இறுகித் தூக்கம் வராதவர்களுக்கு நல்லது. ஒரு தசைக் கூட்டத்தை 5 விநாடி இறுக்கி, 20 விநாடி விட்டு, பாதத்திலிருந்து நெற்றிவரை போக வேண்டும். கண்டவை 5, தொட்டவை 4, கேட்டவை 3 என்று எண்ணும் உத்தி, சுற்றியுள்ளவை நிஜமல்லாதவைபோல் தோன்றும் நேரத்துக்கு மட்டும்.

கவலையை விரட்டுவதும் தள்ளிவைப்பதும்

நினைக்காதே என்றால் நினைப்பு கூடும். 1987-இல் உளவியலாளர் டேனியல் வெக்னர், வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் என்று சொல்லி இதைச் சோதித்துக் காட்டினார்; தடுக்கப்பட்டவர்கள் பிறகு அதைக் கூடுதலாகவே நினைத்தார்கள். அதனால் தொடர் கவலைக்கு விரட்டுவதைவிட ஒத்திப்போடுவது மேல். தினமும் ஒரே இடம், ஒரே நேரம், 30 நிமிடம். தூங்கப் போவதற்குச் சற்றுமுன் மட்டும் வேண்டாம். பகலில் கவலை வந்தால் ஒரு வரி எழுதிவிட்டுக் கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். குறித்த நேரத்தில் பட்டியலை எடுத்து, செய்யக்கூடியதற்கு அடுத்த அடியை எழுதுங்கள்; கைமீறியதை அப்படியே விடுங்கள். இரண்டாவது வாரத்தில் பல வரிகள் அர்த்தமிழந்து நிற்கும். முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தோல்வி.

மாத்திரையில் இரு வகை

அல்பிரசோலம் போன்ற வேக மாத்திரைகள் ஒரு மணி நேரத்துக்குள் பதற்றத்தை அடக்கும். பழகிவிட்டால் தேவைப்படும் அளவு கூடும், திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். எஸ்சிடாலோபிராம் போன்ற, மெதுவாக வேலை செய்யும் மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகள் அதற்கு நேர்மாறு: முதல் 2 வாரங்களில் படபடப்பு கூடலாம், பலன் தெரிய 4 முதல் 6 வாரங்கள் ஆகும். முதல் வாரத்து அவதியைப் பார்த்து மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுபவர்கள் பலர். குறைந்த அளவில் தொடங்க மருத்துவரிடம் கேளுங்கள். மேடை நடுக்கத்துக்குத் தரப்படும், இதயத் துடிப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

தியானம் எஸ்சிடாலோபிராமுக்கு நிகர் என்று அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் 2022 ஆய்வு உண்மையானதே. 276 பேர், 8 வாரங்கள். ஆனால் அது வாரம் இரண்டரை மணி நேர வகுப்பும், தினம் 45 நிமிட வீட்டுப் பயிற்சியும். கைபேசியில் 10 நிமிடம் கேட்பதற்கு அந்த முடிவு பொருந்தாது.

வேக மாத்திரையும் உணர்வுப் பழக்கமும் ஒன்றுக்கொன்று முரண். விழுங்கிவிட்டுப் பயிற்சி செய்தால் வெற்றியின் பெருமை மாத்திரைக்கே போகும். பல மாதங்களாக விழுங்காமல், பையில் மட்டும் வைத்திருப்பவர்கள் முதல் வாரம் அதைக் பையிலேயே கைக்கு எளிதில் எட்டாத உள்ளறையில் வையுங்கள், அடுத்து அதை வீட்டிலேயே விட்டுவிட்டு 10 நிமிட நடை, பிறகு ஒரு மணி நேரம், பிறகு ஒரு பகல். தினமும் விழுங்குபவர்கள் இதைத் தாங்களாகச் செய்யக் கூடாது; அளவைப் படிப்படியாகக் குறைப்பது மருத்துவரின் கையில் இருக்க வேண்டும்.