புகைப்பவரின் மூச்சிரைப்பு: ஸ்பைரோமெட்ரி போதுமா, டிஎல்சிஓவும் வேண்டுமா?

நெடுநாள் புகைத்தவருக்கு மூச்சு வாங்கினால் பலர் முதலில் கையிலெடுப்பது, ஊதும் காற்றின் உச்ச வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரை. ஆஸ்துமாவின் அன்றாட ஏற்ற இறக்கத்தைக் கவனிக்க அது நல்ல கருவி. மூச்சுக்குழாய்கள் நாட்பட்டு அடைபடும் நோயான சிஓபிடியைக் கண்டுபிடிக்க அதை நம்பக் கூடாது. நோய் இருந்தும் எண் நன்றாகவே வரலாம்.

முதலில் செய்ய வேண்டியது, ஊதும் காற்றின் அளவையும் வேகத்தையும் பதிவுசெய்யும் ஸ்பைரோமெட்ரிதான். முழு மூச்சையும் ஊதித் தள்ளும் அளவு எஃப்விசி. அதில் முதல் நொடியில் வெளியேறுவது எஃப்இவி1. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தான சால்பியூட்டமால் 400 மைக்ரோகிராம் இழுத்து, 15 நிமிடம் கழித்து ஊதியும், எஃப்இவி1ஐ எஃப்விசியால் வகுத்து வரும் விகிதம் 0.70க்குக் கீழே இருந்தால், புகைப்பவரிடம் அது பெரும்பாலும் சிஓபிடி. வயதானவர்களுக்கு இந்த வரம்பு நோயை மிகையாகக் காட்டும்; அவர்களுக்கு அறிக்கையில் உள்ள ‘இயல்பின் கீழ் எல்லை’யையும் பாருங்கள்.

ஒருவரின் எஃப்விசி 3.6 லிட்டர், எஃப்இவி1 2.0 லிட்டர் என்றால் விகிதம் 0.56. அவர் வயதுக்கும் உயரத்துக்கும் 3.1 லிட்டர் எதிர்பார்க்கப்பட்டால் எஃப்இவி1 65 சதவீதம். 50 முதல் 79 வரை நடுத்தர அடைப்பு. நுரையீரலில் 35 சதவீதம் போய்விட்டது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் அவரே இருமல் வந்து பாதியில் நிறுத்திவிட்டால் எஃப்விசி 2.8 என்றுதான் பதிவாகும். விகிதம் 0.71 ஆகி, நோயே இல்லாததுபோல் தோன்றும்! ஆகவே எண்ணுக்கு முன் வரைபடத்தைப் பாருங்கள்: கோடு கடைசியில் சமமாகப் படுத்திருக்க வேண்டும். சிறந்த இரண்டு முயற்சிகளுக்கிடையே 150 மில்லிக்கு மேல் வித்தியாசமும் கூடாது.

காற்று வெளியேறும் விதத்தை ஸ்பைரோமெட்ரி சொல்லும்; ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போய்ச் சேருகிறதா என்பதைச் சொல்லாது. அதற்குத்தான் டிஎல்சிஓ. மிகச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுத்துச் சுமார் 10 நொடி மூச்சைப் பிடிக்க வேண்டும்; அந்த வாயு எவ்வளவு ரத்தத்துக்குள் போகிறது என்று அளப்பார்கள். காற்றறைச் சுவர்கள் சிதையும் எம்பைசீமாவில் இந்த அளவு குறையும். ஆஸ்துமாவில் பொதுவாகக் குறையாது. எம்பைசீமாவும் நுரையீரல் தழும்பும் சேர்ந்திருப்பவரிடம் ஸ்பைரோமெட்ரி ஏறக்குறைய இயல்பாகவே வரும், டிஎல்சிஓ மட்டும் சரிந்து கிடக்கும். படியேறவே திணறும் புகைப்பவரை ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று அனுப்பிவிடுவது இதனால்தான் ஆபத்து.

டிஎல்சிஓ ஏமாற்றும் இடங்களும் உண்டு. அன்று புகைத்திருந்தால் ரத்தத்தில் ஏற்கெனவே உள்ள கார்பன் மோனாக்சைடு, டிஎல்சிஓ எண்ணைக் குறைத்துக் காட்டும், ரத்தசோகையும் அப்படியே. எனவே சோதனை நாளில் பீடி, சிகரெட் கூடாது; ஹீமோகுளோபின் எண்ணைக் கையோடு கொண்டுபோங்கள். அப்படியும் குறைவாக வந்தால் அடுத்து சிடி ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு சோதனையும் சரியாக இருந்தும் மூச்சிரைத்தால் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.