நாலு மடிப்பு வெள்ளைக்கோல்: பிடியும் நுனியும்

பார்வையற்றவர்கள் தரையைத் தடவி நடக்கும் வெள்ளைக்கோலை வாங்கப் போகிறவர்கள் முதலில் எடையைத்தான் கேட்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. வீசி நடக்கும்போது எனக்குத் தட்டுப்படுவது பிடியா, தரையா? பிடி தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தால் அந்தக் கோல் எனக்கு வேண்டாம்.

இது கோயமுத்தூரில் வாங்கிய அலுமினியக் கோல். நாலு மடிப்பு, உள்ளே எலாஸ்டிக் கயிறு, ரப்பர் பிடி, கீழ்த்துண்டில் சிவப்புப் பட்டை. விலை 500 ரூபாய்க்குள். நட்டுக்குத்தாக நிறுத்தினால் நெஞ்செலும்பு வரைக்கும் வரும். நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம் தமிழாசிரியை. விழித்திரை நோயில் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. வீட்டை விட்டு இறங்கினால் இட்டேரி என்கிற மண் தடம், இரண்டு பக்கமும் கிளுவை வேலி. அப்புறம் தார்த் தடம், அப்புறம் பஸ் ஸ்டாண்டின் சிமெண்டுத் தரை. புழுதியா, நேற்றைய மழையில் இறுகிய மண்ணா, வண்டிச் சக்கரம் பதிந்த பள்ளமா என்பதெல்லாம் எனக்கு நுனியிலேயே தெரிகிறது, அங்கே ஒரு விரல் இருப்பது மாதிரி. உள்ளங்கையில் ஏதோ அதிர்ந்து, அதை வைத்து நான் மண்ணை ஊகிப்பதில்லை.

அஞ்சல் வழியில் தத்துவம் எம்.ஏ. படித்தபோது இந்தக் கோலை இரண்டு பேரிடம் சந்தித்தேன். ஒருவர் பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த். ஒளியைப் பற்றி 1637இல் எழுதியபோது பார்வையற்றவரின் கோலை உதாரணம் காட்டினார். அந்த முனையில் கல் இடித்தால் அதே கணம் இந்த முனையில் கைக்குத் தெரிகிறது, ஒளியும் அப்படித்தான் கண்ணுக்கு வந்து சேர்கிறது என்றார். அவருக்குக் கோல் வெறும் கடத்தி. இன்னொருவர், அவருக்கு முந்நூறு வருஷம் பிந்திய பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-பாந்தி. பழகிய கோல் ஒரு பொருளாகவே தெரிவதில்லை, அதன் நுனி உணர்வுள்ள இடமாகிவிடுகிறது என்று 1945இல் எழுதினார். கோலின் நீளம் இவ்வளவு, ஆகவே சுவர் இவ்வளவு தூரம் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை; கை எட்டுகிற எல்லையே விரிந்துவிடுகிறது. உடம்பு தோலோடு முடிந்துபோகிற சமாச்சாரம் இல்லை, உலகத்தில் நம்மால் எதுவரை செயல்பட முடிகிறதோ அதுவரைக்கும் அது நீளும் என்பது அவர் கட்சி.

நான் அவர் கட்சிதான். என் பழைய கோல் இதைவிட ஒரு சாண் குட்டை. இது வந்த புதிதில் நிலைப்படி, திண்ணை, சைக்கிள் என்று எல்லாவற்றிலும் இடித்தேன். நீளம் கூடியிருக்கிறது என்பது புத்திக்கு முதல் நாளே தெரியும். தோளும் மணிக்கட்டும் அதை எடுத்துக்கொள்ளத்தான் வாரக்கணக்கானது. ஆனபிறகு நீளத்தைப் பற்றிய நினைப்பே வரவில்லை.

மெர்லோ-பாந்தியின் நூல் வெளிவந்த சமயத்தில்தான் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் ரிச்சர்ட் ஹூவர், போரில் பார்வையிழந்தவர்களுக்கு நீளக்கோலை இடமும் வலமும் வீசி நடக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த அடி விழப்போகும் இடத்தை நுனி முன்கூட்டியே தொட்டுவிடும் முறை அது. நாங்கள் இன்றைக்கும் நடப்பது அப்படித்தான்.

மெர்லோ-பாந்தியிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கோலைத் தொடுதலாக மட்டுமே பார்த்துவிட்டார். அலுமினியம் தட்டினால் கேட்கும். கிளுவை வேலி ஓசையை அமுக்கிவிடும். வேலியில் கடவு, அதாவது நுழைகிற இடைவெளி, வந்த இடத்தில் ஓசை சட்டென்று அகலும். எங்கள் தோட்டத்துக்குத் திரும்ப அதுதான் எனக்கு அடையாளம். கோல் காதுக்கும் உறுப்புதான்.

காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி, எதிரே தடை இருந்தால் பிடி அதிர்கிற மின்னணுக் கோலையும் இரவல் வாங்கி நடந்து பார்த்தேன். தலை உயரத்தில் தொங்கும் வேப்பங்கிளையை அது காட்டிக்கொடுத்தது. சாதாக் கோலால் ஆகவே ஆகாத காரியம். ஆனால் அதிர்வு என் கையிலேயே நின்றது. அதைப் படித்துப் பொருள் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது. பழகினால் மாறலாம் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் பால் பாக்-இ-ரிட்டா 1969இல், பார்வையற்றவர்களின் முதுகில் 400 அதிர்விகளை (அதிரும் சின்ன முனைகளை) வைத்து, கேமராப் படத்தை அதிர்வாகப் பதியவைத்துப் பார்த்தார். கேமராவைத் தாங்களே அசைத்துப் பழகியவர்களுக்குப் பொருள் முதுகில் தெரியாமல் எதிரே தெரிய ஆரம்பித்தது. தானே அசைப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பஸ் ஏறும்போது நாலையும் இழுத்து மடித்துப் பையில் போட்டுவிடலாம். மடிக்க முடியாத ஒற்றைக் கோலில் உணர்வு இன்னும் துல்லியம், மூட்டு இல்லையே. ஆனால் டவுன் பஸ் கூட்டத்தில் அதை எங்கே வைப்பது? மடித்தால் வேறொன்றும் நடக்கிறது. கல்யாண மண்டபத்தில் நான் உட்கார்ந்திருக்கும்வரை டீச்சர். கோலை விரித்த நொடியில் பேச்சு தணிகிறது, "பாவம்" என்று ஒரு குரல் வருகிறது. பிறர் பார்வையில் நான் ஒரு பொருளாக உறைந்துபோவதைப் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்ர் 1943இல் எழுதினார். அவர் சொன்ன ஆள் பார்க்கப்படுவதை உணர்கிறவர். எனக்கு அது அடங்கிப்போகும் குரல்களில் வந்து சேர்கிறது. எனக்குக் காணாமல் போகிற கோல்தான் மற்றவர்களுக்கு என்னை மறைத்து நிற்கிறது.

இன்னொன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பஸ் ஸ்டாண்டில் "இப்படி வாங் டீச்சர்" என்று அன்போடு கோல் நுனியைப் பிடித்து இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் விரலைப் பிடித்து இழுப்பதும் அதுவும் எனக்கு ஒன்றுதான். முழங்கையைக் கொடுங்கள், நானே பிடித்துக்கொள்கிறேன்.

வாங்குகிறவர்களுக்கு: பென்சில் மாதிரி ஒல்லியான நுனி புழுதியிலும் நடைபாதைக் கல் இடுக்கிலும் குத்தி நிற்கும், பிடி வயிற்றில் இடிக்கும். இட்டேரியில் நடப்பவர்கள் உருளும் நுனி கேளுங்கள். கனம் கொஞ்சம் கூடும், முதலில் மணிக்கட்டு வலிக்கும். எலாஸ்டிக் தளர்ந்தால் மூட்டுகள் ஆட ஆரம்பிக்கும், அப்போது தரை மங்கிவிடும். கயிற்றை மட்டும் மாற்றினால் போதும். நுனி தேயும். கோபியில் எனக்குக் கிடைக்கவில்லை, வாங்கும்போதே உபரியாக இரண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.