ஆயில் பார்க்க எது சுலபம்: அம்பாசடரா, ஆம்னியா, லாரியா?

பழைய வண்டி கை மாறும்போது சாவி வரும், ஆர்.சி. புக் வரும், கையேடு மட்டும் வராது. அதனால்தான் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை மெக்கானிக் கடைகளில் "அண்ணே, இதுல டிப்ஸ்டிக் எங்க இருக்கு?" என்ற கேள்வி ஓய்வதேயில்லை. டிப்ஸ்டிக் என்றால் இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் குச்சி. வண்டியின் பெயரை விடுங்கள். இன்ஜின் எங்கே, எந்த வாக்கில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள், பாதித் தேடல் முடிந்துவிடும். குச்சி எப்படியும் கீழே, ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்புக்குள்தான் இறங்கியாக வேண்டும்.

என் கணக்கில் முதல் மார்க் அம்பாசடருக்கு. பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் நீளவாக்கில் இருக்கும், இரண்டு பக்கமும் தாராளமாக இடம். கார்புரேட்டரும், புகையை சைலன்சருக்குக் கொண்டுபோகும் சூடான குழாயான மேனிஃபோல்டும் இடது பக்கம். வலது பக்கம், அதாவது டிரைவர் பக்கம், பிளக் வயர்கள் கிளம்பும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கண்டுபிடியுங்கள். அதை ஒட்டி இன்ஜின் பிளாக்கில் கீழ்ப்பக்கமாகப் பார்த்தால் குச்சி தெரியும். சூடான பக்கம் ஒன்று, குச்சி இருக்கும் பக்கம் வேறு என்பதால் கை சுடாது. பின்னாளில் வந்த இசுசு இன்ஜின் போட்ட அம்பாசடருக்கு இந்த அடையாளம் செல்லாது.

மாருதி 800-இல் இன்ஜின் குறுக்குவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. இப்படிப்பட்ட கார்களில் தேட இரண்டே இடம்தான்: ரேடியேட்டர் பக்கம், இல்லையென்றால் டிரைவருக்கு முன்னால் இருக்கும் தகட்டுப் பக்கம். பெரும்பாலும் முன்பக்கமே போதும். ஆனால் இடம் குறுகல், மேனிஃபோல்டு சூடாக இருக்கும்போது கையை விடக்கூடாது. மொத்த ஆயிலே சுமார் 3 லிட்டர்தான். அரை லிட்டர் குறைந்தால் லாரிக்காரர் கண்டுகொள்ள மாட்டார், இந்த வண்டிக்கு அது பெரிய விஷயம்.

ஆம்னிதான் கடைசி. தேடுவது கஷ்டம் என்பதால் இல்லை. முன்சீட்டுக்கு அடியில் இன்ஜின், சீட்டைத் தூக்கினால் வேலை ஆயிற்று. ஆனால் யார் தூக்குகிறார்கள்? சீட் மேல் பாய், பாய் மேல் துண்டு, பக்கத்தில் பில் புக், தண்ணி பாட்டில். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏற்றும் வண்டியில் இதையெல்லாம் எடுத்து வைத்து ஆயில் பார்க்க யாருக்கு நேரம்? டேஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகுதான் சீட் தூக்கப்படும். விளக்கு எரிவது ஆயில் அழுத்தம் போன பிறகு, அதற்குள் பேரிங் அடி வாங்கியிருக்கலாம்.

லாரியில் கதை வேறு. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியின் பழைய லாரிகள் பலவற்றில் கேபின் அசையாது. டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவில் ஒரு பெரிய இன்ஜின் மூடி இருக்கும். கொக்கியைக் கழற்றி அதைத் தூக்கினால் இன்ஜின் கண்முன்னே. கோடையில் அந்தச் சூட்டோடு உட்கார்ந்து ஓட்டியவர்கள் திட்டாத நாள் இல்லை. மழை பெய்யும்போது நனையாமல் உள்ளே இருந்தபடியே ஆயில் பார்க்க முடிவது மட்டும் அதில் ஒரு வசதி. டாடா 1210 எஸ்.இ. மாதிரி குட்டி மூக்கு வண்டிகளில் இன்ஜின் பாதி பானட்டுக்குள், பாதி கேபினுக்குள். முதலில் பானட், அப்புறம் உள்மூடி என்று பாருங்கள். கேபின் சாய்கிற புது வகைகளில் பலவற்றுக்கு வளைந்த நீளக் குழாய் போட்டு, குச்சியைக் கேபினுக்குப் பின்னால் கைக்கு எட்டும்படி வைத்திருப்பார்கள். தினமும் ஆயில் பார்க்கக் கேபினைச் சாய்க்கத் தேவையில்லை.

லாரியில் ஒரு குழப்பம் உண்டு. இன்ஜினுக்கு டீசலை அனுப்பும் பழைய இன்லைன் பம்புகள் சிலவற்றில் பம்புக்கென்றே தனியாக ஒரு சின்னக் குச்சி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இன்ஜினில் ஆயில் ஊற்றினால் வம்பு.

குச்சியைக் கண்டுபிடித்தாலும் நின்ற இடம் சரியில்லையென்றால் அளவு பொய் சொல்லும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் டிரெய்லர், ரோட்டோரம் இடது பக்கம் சரிந்து நிற்கிறது என்று வையுங்கள். ஆயில் இடது பக்கம் ஒதுங்கும். குச்சி இடப்பக்கம் என்றால் அளவு கூடுதலாகவும், வலப்பக்கம் என்றால் குறைவாகவும் காட்டும். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் விட்டு, குச்சியைப் பனியன் வேஸ்டால் துடைத்து மறுபடி முழுக்க இறக்கி எடுங்கள். டீசலில் ஆயில் கறுப்பாக இருந்தால் பயமில்லை. மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்யாதீர்கள். மழைவெள்ளத்தில் நின்ற கார்களில் இதை முதலில் பார்க்க வேண்டும். தண்ணீர் ஆயிலுக்கு அடியில் தங்குவதால், குச்சி நுனியில் துளியாகவும் தெரியலாம்.

பழைய வண்டியில் இருப்பது அந்த இன்ஜினின் குச்சிதானா என்பது தனிச் சந்தேகம். தொலைந்ததற்குப் பதில் எதையோ வெட்டிச் சொருகியிருப்பார்கள். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது பழையதை முழுக்க வடித்து, ஃபில்டரும் மாற்றி, அந்த இன்ஜினுக்கு உரிய அளவை அளந்து ஊற்றுங்கள். கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்து, பத்து நிமிடம் கழித்து ஆயில் நிற்கும் இடத்தில் குச்சியில் அரத்தால் ஒரு கோடு போடுங்கள். அதுதான் இனி உங்கள் மேல் அளவு.