லேப்டாப் வாரண்டியை நம்பி 47 நாள்: ஓடிபி சொல்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

லேப்டாப்புக்கு 'வீட்டுக்கே வந்து சர்வீஸ்' என்று கூடுதல் வாரண்டி எடுத்து வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடப்போவதில்லை. போட்டால் "அவன் அப்படித்தான், எங்க கம்பெனி தங்கம்" என்று ஆளாளுக்குக் கிளம்பிவிடுவீர்கள். என் கதையைக் கேட்ட நாலு பேரில் மூன்று பேருக்கு, வேறு வேறு கம்பெனியில், ஏறக்குறைய இதேதான் நடந்திருக்கிறது.

திருநெல்வேலியில் சின்னக் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பது என் பிழைப்பு. லேப்டாப்பை 2023 ஆடித் தள்ளுபடியில் 62,990 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு வருட வாரண்டியோடு வந்ததை, மேலே 5,499 கட்டி மூன்று வருடமாக்கினேன். "சர்வீஸ் சென்டர் பக்கமே போக வேண்டாம் சார், ஆள் வீடு தேடி வருவாங்க" என்றார் கடைக்காரர். வந்தார்கள். மூன்று தடவை, மூன்று பேர்.

2025 பிப்ரவரி 5, புதன்கிழமை காலை. திறந்தால் திரை கறுப்பு. ஃபேன் ஓடுகிறது, கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறது, விண்டோஸ் தொடங்கும் சத்தம்கூடக் கேட்கிறது. எச்டிஎம்ஐ வயரை எடுத்து வீட்டு டிவியில் சொருகினேன். டிவியில் எல்லாம் பளிச்சென்று வந்தது. அப்படியென்றால் மெஷினின் உள்பக்கம் நன்றாக இருக்கிறது, திரையோ திரைக்குப் போகும் கேபிளோதான் போயிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டாம்.

கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு முதலில் சொன்னதே இதைத்தான். எடுத்தவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "சார்ஜரைக் கழற்றிட்டு பவர் பட்டனை முப்பது செகண்ட் அழுத்திப் பிடிங்க சார்" என்றார். பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு கேஸ் நம்பர் கொடுத்து, வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மறுநாள் மெசேஜ் வந்தது: வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியாததால் கேஸ் மூடப்பட்டது. என் போனில் ஒரு மிஸ்டு கால்கூட இல்லை.

திரும்பக் கூப்பிட்டால் புது ஆள், புது கேஸ் நம்பர், அதே முப்பது செகண்ட். அந்த ஒரு வாரத்தில் அந்தப் பட்டனை நாலு தடவை அழுத்தியிருப்பேன். மூன்றாவது நம்பர் வாங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நாம் திரும்பக் கூப்பிடும்போது பழைய கேஸ் அவர்கள் கணக்கில் முடிந்துபோன கேஸ். நம்முடைய நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஓடும். "புது நம்பர் வேண்டாம், பழையதையே திறங்க" என்று அடம்பிடியுங்கள். சொன்னால் திறக்கிறார்கள். சொல்லாவிட்டால் அப்படி ஒரு வழி இருப்பதே நமக்குத் தெரியாது.

இதற்குள் 11-ஆம் தேதி வந்துவிட்டது. அன்றைக்குள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது போன மாத விற்பனை விவரம், போட்டாக வேண்டும். லேப்டாப்பை டிவியோடு கட்டி, ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊரார் விற்பனைக் கணக்கையெல்லாம் 43 அங்குலத்தில் விரித்து வைத்து முடித்தேன். அம்மா பின்னால் நின்று, "ஏய்யா, உன் கணக்கு எப்பய்யா முடியும்? நாடகம் போயிட்டு" என்று அரை மணிக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தார்.

12-ஆம் தேதி முதல் ஆள் வந்தார். சின்னப் பையன், தங்கமான குணம். பையிலிருந்து எடுத்தது மதர்போர்டு. "தம்பி, டிவியில படம் வருது, போர்டு எதுக்கு?" என்றேன். "எனக்கு வந்த பார்ட் இதான் சார். போன்ல எழுதினதை வெச்சு அனுப்பிடுவாங்க" என்றார். அவர் கம்பெனி ஆளும் இல்லை. கம்பெனி வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்திருக்கும் இன்னொரு நிறுவனத்தின் ஆள். ஒரு கேஸுக்கு இவ்வளவு என்று கூலி. அன்று அவருக்கு இன்னும் ஐந்து வீடு பாக்கி. இவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

போர்டை மாற்றினார். உள்ளே எல்லா கேபிளையும் கழற்றி மாட்டியதில் திரைக்கும் தற்காலிகமாக உயிர் வந்துவிட்டது. கம்பெனி லோகோ தெரிந்தது. "சார், ஓடிபி வந்திருக்கும் பாருங்க." வேலை முடிந்தது என்று நாம் ஒப்புக்கொள்வதற்கான எண் அது. ஏழு நாள் கழித்துத் திரையில் வெளிச்சத்தைப் பார்த்த சந்தோஷத்தில் ஆறு இலக்கத்தையும் சொல்லிவிட்டேன். அடுத்த ஐந்தாவது செகண்டில் நீலத்திரை. பிட்லாக்கர் ரெகவரி கீ, 48 இலக்கம், கொடு என்கிறது.

"அது சாப்ட்வேர் சார், எங்க லிமிட்ல வராது" என்றபடி பையை மூடினார். போனுக்கு மெசேஜ் வந்தது: உங்கள் கேஸ் வெற்றிகரமாக முடிக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?

இது ஏன் வருகிறது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இப்போதைய விண்டோஸ் லேப்டாப் பலவற்றில் டிஸ்க் பிட்லாக்கர் என்ற பூட்டால் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். நாம் பூட்டியிருக்க மாட்டோம், பூட்டியிருப்பதே தெரியாது. அந்தப் பூட்டின் சாவி மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லோடு கட்டப்பட்டது. போர்டு மாறினால் டிஸ்க்குக்கு நம்மை அடையாளம் தெரியாது. மாற்றுச் சாவியான 48 இலக்கம், முதன்முதலில் லேப்டாப்பைத் தொடங்கியபோது எந்த மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்தோமோ அதில் இருக்கும். போர்டு மாற்ற வருகிறவர் "கீ எடுத்து வெச்சிருக்கீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கஸ்டமர் கேரில் சொன்ன ஒரே வழி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. டேட்டாவுக்கு வாரண்டி கிடையாதாம். கணக்கு எழுதும் மென்பொருளான டேலியின் பேக்கப் என்னிடம் டிசம்பர் மாத முடிவு வரைதான் இருந்தது. ஜனவரி மாதக் கணக்கு மொத்தமும் பூட்டுக்குள்ளே.

என் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டைத் திறந்தால் கீ எதுவும் இல்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாங்கிய அன்று கடையில் ஒரு பையன் "எல்லாம் ரெடி பண்ணித் தரேன் சார்" என்று அரை மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தான். தன்னுடைய அக்கவுண்ட்டைப் போட்டு ரெடி பண்ணியிருக்கிறான்! கடைக்கு ஓடினேன். பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான், போன் நம்பர் மாறிவிட்டது. கடைக்காரர் யார் யாரையோ பிடித்து அவன் நம்பரை வாங்க நாலு நாள். அவனுக்குப் பாஸ்வேர்டு மறந்துபோய், பழைய மெயில் வழியாக அதை மீட்க இன்னும் நாலு நாள். கடைசியில் அவன் எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அதில் வரிசையாக நாற்பதுக்கு மேல் கீ. நாற்பது வீட்டுச் சாவி ஒரே பையன் கையில்! என் நீலத்திரையில் தெரிந்த கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தை வைத்துப் பொருத்திப் பார்த்து என்னுடையதைக் கண்டுபிடித்தோம். அன்று பிப்ரவரி 22.

மாத வரியைக் கட்டும் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பிக்குக் கெடு 20-ஆம் தேதி. மூன்று கடைகளுக்கு இரண்டு நாள் தாமதம். நாளுக்கு ஐம்பது வீதம் முந்நூறு ரூபாய் அபராதத்தை நானே கட்டினேன். தொகை பெரிதில்லைதான். ஆனால் பதினோரு வருடத்தில் ஒரு கெடுவைக்கூடத் தவறவிட்டதில்லை என்று சொல்லித்தான் ஆள் பிடிப்பேன். இனி அதைச் சொல்ல முடியாது.

கடையில் யாராவது ரெடி பண்ணிக் கொடுத்த லேப்டாப்பை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே செட்டிங்ஸில் போய் எந்த மெயில் இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையதாக இல்லையென்றால் மாற்றுங்கள். 48 இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி, லேப்டாப் பை அல்லாத வேறு இடத்தில் வையுங்கள்.

26-ஆம் தேதி திரை மறுபடி கறுத்தது. இந்த முறை கம்பெனியின் செயலி என் மெஷினைப் பரிசோதித்துவிட்டு, 'இந்தச் சீரியல் நம்பர் எங்கள் பதிவில் இல்லை' என்றது. புதுப் போர்டு போட்டால் அதில் மெஷினின் சீரியல் நம்பரை ஏற்ற வேண்டுமாம், முதலில் வந்தவர் ஏற்றவில்லை. அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து, பில்லோடு அனுப்பி, நான் வாங்கியது அவர்கள் லேப்டாப்தான் என்று அவர்களுக்கே நிரூபிக்க இரண்டு நாள் போனது.

நடுவில் இன்னொரு கண்டம். என் மச்சான் உதவி செய்கிறேன் என்று கூகுளில் தேடி, 'உயர்மட்ட சர்வீஸ்' என்று ஒரு நம்பரைப் பிடித்தார். எடுத்தவன் ரொம்ப மரியாதை. முப்பது செகண்ட் கதையெல்லாம் இல்லை. "ஒரு எனிடெஸ்க் மட்டும் போனில் இறக்குங்க, பதிவுக்குப் பத்து ரூபாய் அனுப்புங்க" என்றான். நம் போனை எங்கிருந்தோ ஒருவர் பார்த்து இயக்க வழிவிடும் செயலி அது. மச்சான் பாதி இறக்கியிருந்தார், நான் போனைப் பிடுங்கினேன். கம்பெனிக்காரன் இவ்வளவு அன்பாகப் பேச மாட்டான் என்பதுதான் எனக்கு வந்த சந்தேகமே. நம்பரைப் பெட்டியிலோ கம்பெனியின் சொந்தத் தளத்திலோ பார்த்து எடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள், அது சைபர் குற்றத்துக்கான நம்பர்.

மார்ச் 4 அன்று இரண்டாவது ஆள் வந்தார். இவர் சீனியர். திறந்து பார்த்து, வலதுபக்கக் கீலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக்கில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருப்பதைக் காட்டினார். நாலைந்து படம் எடுத்துக்கொண்டார். சாயங்காலம் மெயில் வந்தது. இது 'கஸ்டமர் இன்ட்யூஸ்டு டேமேஜ்', அதாவது நான் உடைத்தது. சுருக்கமாக சிஐடி என்கிறார்கள். போலீஸ் சிஐடியே தேவலை. வாரண்டி பொருந்தாது, புதுத் திரைக்கு 14,800, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆகமொத்தம் 17,464 ரூபாய். ஜிஎஸ்டி போடுகிறவனுக்கே ஜிஎஸ்டி.

அங்கேதான் முதல் பையன் கொடுத்துவிட்டுப் போன ஜாப் ஷீட் என்னைக் காப்பாற்றியது. பிப்ரவரி 12 தேதியிட்ட அதில், பிசிக்கல் டேமேஜ் என்ற கட்டத்தில் 'நில்' என்று அவர் கையால் எழுதியிருந்தது. அப்படியானால் விரிசல் அதற்குப் பிறகு வந்தது. அதற்குப் பிறகு மெஷினைக் கழற்றி மாட்டியது அவர்கள் ஆள். தாளைப் படம் எடுத்து மெயில் போட்டேன். 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று தொடங்கும் பதில் வந்தது. மறுபடி போட்டேன். எழுத்து மாறாமல் அதே பதில்.

மார்ச் 7 அன்று 1915-ஐக் கூப்பிட்டேன். அது மத்திய அரசின் தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். பில், ஜாப் ஷீட், கேஸ் நம்பர்கள், மெயில்கள் எல்லாவற்றையும் ஏற்றிப் புகார் பதிந்தேன். கூடவே கம்பெனிக்கும் ஒரு மெயில். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, இத்தனை நாளில் பதில் இல்லையென்றால் திருநெல்வேலியில் சந்திப்போம் என்று எழுதினேன். வீறாப்பு இல்லை, உண்மையாகவே போடுவதாகத்தான் இருந்தேன்.

12-ஆம் தேதி கம்பெனியிலிருந்து ஒரு அம்மா போனில் பேசினார். அதுவரை கேட்காத குரல், அதுவரை கேட்காத துறைப் பெயர். "டிவியில படம் வருதுன்னு முதல் நாளே சொல்லியிருக்கீங்களே சார்" என்று அவரே படித்துச் சொன்னார். அடப்பாவிகளா, எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்! யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான். திரையும் கேபிளும் இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னார். இழந்த நாளுக்கு வாரண்டியை நீட்டித் தருவீர்களா என்று கேட்டேன். "அதுக்கு எங்க சிஸ்டத்துல ஆப்ஷன் இல்ல சார்."

மார்ச் 24, திங்கட்கிழமை. 47-ஆம் நாள். மூன்றாவது ஆள் திரையைக் கழற்றி, கீலுக்குள் போகும் கேபிளை உருவி என்னிடம் காட்டினார். மூடித் திறந்து மூடித் திறந்து ஒரு இடத்தில் நசுங்கித் தோல் உரிந்திருந்தது. "பழைய திரை நல்லாத்தான் சார் இருக்கு. இந்தக் கேபிள்தான்." சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சமாச்சாரம்.

புதுக் கேபிள் போட்டார், திரையையும் மாற்றினார். படம் வந்தது. சீரியல் நம்பர் ஏறியிருக்கிறதா என்று நான் கேட்டேன், காட்டினார். ஜாப் ஷீட்டில் விரிசலைப் பற்றியும் எழுதச் சொன்னேன், எழுதினார். என் போன் டிங் என்றது.

"சார், ஓடிபி."

"இருங்க, காப்பி குடிங்க."

"அடுத்த கேஸ் பாளையங்கோட்டையில இருக்கு சார்."

"இருக்கட்டும். உட்காருங்க."

மூடியை இருபது தடவை மூடித் திறந்தேன். ரீஸ்டார்ட் செய்தேன், டேலியைத் திறந்தேன், கேமரா, வைஃபை, ஸ்பீக்கர் எல்லாம் பார்த்தேன். அம்மா இரண்டாவது காப்பியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பாவம்யா, அனுப்பிரு" என்றார். ஒரு மணி நேரம் ஆனதும் போனை எடுத்து ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

அன்று ராத்திரி நாடகம் ஹால் டிவியில் ஓடியது.