சிஏ இன்டருக்கு ஒரு மாதம்தான் பாக்கி: ஐசிஏஐ-யின் இலவசப் பாடப்பொருள் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

சிஏ (பட்டயக் கணக்காளர்) படிப்பின் இடைநிலைத் தேர்வான இன்டர் நெருங்கிவிட்ட பதற்றத்தில் பலர் முதலில் செய்வது, புதிதாக ஒரு ஃபாஸ்ட் டிராக் வீடியோ வகுப்புக்குப் பணம் கட்டுவது. பாடத்தை ஒருமுறையாவது முழுதாகப் படித்து முடித்தவருக்கு அது வேண்டியதில்லை. தேர்வை நடத்தும் ஐசிஏஐ-யின் பிஓஎஸ் நாலெட்ஜ் போர்ட்டல் என்ற இணையதளத்தில் காசில்லாமல் கிடைப்பதே போதும். ஒரே நிபந்தனை: அது அடுக்கப்பட்டிருக்கும் வரிசையில் படிக்கக் கூடாது. முதலில் பாடநூலான மாட்யூல், கடைசியில் பயிற்சித் தாளான ஆர்டிபி என்று போனால் மாட்யூலிலேயே மாதம் முடிந்துவிடும். ஒரு மாதத் தயாரிப்புக்கு வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

போர்ட்டலில் இருப்பவை: பாட மாட்யூல்கள், ஒவ்வொரு அட்டெம்ப்டுக்கும் (ஒருமுறை நடக்கும் தேர்வுக்கும்) வரும் ரிவிஷன் டெஸ்ட் பேப்பர் என்ற ஆர்டிபி, மாதிரித் தேர்வுத் தாள்களான எம்டிபி, முந்தைய தேர்வுக் கேள்விகளுக்கான விடைகளான சஜஸ்டட் ஆன்சர்ஸ், ஒரு சூழலைக் கொடுத்துச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேஸ் சினாரியோ எம்சிக்யூ தொகுப்புகள், சாராம்ச நூல் வரிசையான சாரான்ஷ்.

இவற்றில் மிகவும் பயனுள்ளது ஆர்டிபிதான். குறிப்பாக டாக்ஸேஷன் தாளுக்கு. உங்கள் அட்டெம்ப்டுக்கு எந்த ஆண்டின் ஃபைனான்ஸ் ஆக்ட் (பட்ஜெட் வரி மாற்றச் சட்டம்) பொருந்தும், எந்த ஜிஎஸ்டி அறிவிப்பு வரை கேட்பார்கள் என்ற திருத்தங்கள் சேர்ந்து வருவதால், சீனியரிடம் வாங்கிய பழைய மாட்யூலில் எதை அடிக்க வேண்டும் என்பது இதில்தான் தெரியும். 2024 ஜூலை பட்ஜெட்டில் மட்டும் மாறியவற்றைப் பாருங்கள். பங்குகளுக்கான குறுகிய கால மூலதன ஆதாய வரி 15 சதவீதத்திலிருந்து 20 ஆனது. நீண்ட கால ஆதாயத்துக்கு 10 சதவீதம் 12.5 ஆனது, அதற்கான விலக்கு வரம்பு ஒரு லட்சத்திலிருந்து 1.25 லட்சமாக ஏறியது. புதிய வரி முறையில் சம்பளக்காரர்களின் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 50,000 ரூபாயிலிருந்து 75,000 ஆனது. பழைய பதிப்பை வைத்து மொத்த வருமானக் கணக்கு போடுபவர் ஸ்டெப்பெல்லாம் சரியாகப் போட்டும் தொகையில் மதிப்பெண் இழப்பார். போதாக்குறைக்கு, வருமான வரிச் சட்டம் 2025 வேறு 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்களே மாறுகின்றன. எந்தச் சட்டப்படி எழுத வேண்டும் என்று உங்கள் அட்டெம்ப்டுக்கான அறிவிப்பைப் பார்த்துவிட்டு வரிப் பாடத்தைத் திறப்பதே நல்லது.

அடுத்தது எம்டிபி. இதைப் படிக்கிற பொருளாக எடுத்துக்கொண்டால் வீண். கடிகாரம் வைத்து எழுத வேண்டும். இன்டரில் ஒவ்வொரு தாளும் 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 30 மதிப்பெண் எம்சிக்யூ, 70 விரிவான விடை. ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம், 14 மதிப்பெண் கேள்விக்கு 25 நிமிடம். அப்படி ஐந்து கேள்விக்கு 125 நிமிடம் போனால் எம்சிக்யூவுக்கு 50 நிமிடமும் கையில் ஐந்து நிமிடமும் மிஞ்சும். எம்டிபி எழுதும்போது பெரும்பாலோர் சறுக்குவது முதல் கணக்கில். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை என்று அதிலேயே 40 நிமிடம் உட்கார்ந்துவிடுகிறார்கள். வித்தியாசத்தைத் தேடாமல் அடுத்த கேள்விக்குப் போகும் பழக்கம் எழுதிப் பார்த்தால்தான் வரும். இன்டரில் எம்சிக்யூவுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது. ஒன்றையும் விடாமல் ஓஎம்ஆர் தாளில் நிரப்ப வேண்டும்.

எம்டிபியின் குறை, அதன் தியரி விடைகள். ஆடிட்டிங், எஸ்எம் (ஸ்ட்ராட்டஜிக் மேனேஜ்மென்ட்) இரண்டிலும் விடைகள் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்தவைபோல் நீளமாக இருக்கின்றன. 25 நிமிடத்தில் யாராலும் அவ்வளவு எழுத முடியாது. அவற்றில் தலைப்புச் சொற்களை மட்டும் அடிக்கோடிட்டு எடுத்துக்கொண்டால் போதும்.

சஜஸ்டட் ஆன்சர்ஸின் மதிப்பு சட்டத் தாளில் தெரிகிறது. முதலில் சட்டப் பிரிவு சொல்வது, பிறகு கேள்வியில் உள்ள உண்மை, கடைசியில் முடிவு என்ற மூன்று பத்தி வடிவத்தை அது விடாமல் கடைப்பிடிக்கிறது. கம்பெனியின் பொதுக்கூட்ட நோட்டீஸ் கேள்வியை எடுத்துக்கொள்வோம். 21 முழு நாட்கள் வேண்டும். நோட்டீஸ் சேரும் நாளும் கூட்ட நாளும் கணக்கில் வராது. தபாலில் போனால் அனுப்பி 48 மணி நேரம் கழித்தே சேர்ந்ததாகக் கொள்ள வேண்டும். ஆகஸ்ட் 1-ல் தபாலில் போட்டால் 3-ல் சேரும். 4 முதல் 24 வரை 21 நாட்கள். ஆகஸ்ட் 25-க்கு முன் கூட்டம் நடத்த முடியாது. அந்த 48 மணி நேரத்தை விட்டவர் 23 என்று எழுதுவார். இப்படிப்பட்ட பொறிகள் பழைய தாள்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஐந்தாறு அட்டெம்ப்டுகளின் விடைகளைப் பார்த்தால் கண் பழகிவிடும்.

மாட்யூல்களுக்கு வருவோம். ஆழத்தில் குறை சொல்ல இடமில்லை, அளவுதான் பிரச்சினை. ஒரு மாதத்தில் அவற்றைப் பக்கம் பக்கமாகப் படிக்க நினைக்காமல், இல்லஸ்ட்ரேஷன்களை (விடையோடு போட்டுக் காட்டிய கணக்குகளை) மட்டும் குறிவையுங்கள். அட்வான்ஸ்டு அக்கவுன்டிங்கில், கம்பெனி தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கும் பைபேக் பகுதி நல்ல உதாரணம். அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு மூன்று சோதனை: பங்கு எண்ணிக்கை, நிதி ஆதாரம், கடன்-பங்கு விகிதம். மூன்றாவதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். கடன் 1,800 லட்சம், பங்குதாரர் நிதி 1,200 லட்சம், முகமதிப்பு 10 ரூபாய், வாங்கும் விலை 30 ரூபாய் என்று வையுங்கள். 2:1 விகிதப்படி குறைந்தது 900 லட்சம் பங்குதாரர் நிதி மிஞ்ச வேண்டும். 300 லட்சத்துக்கு வாங்கலாம் என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் முகமதிப்பளவுக்குக் கேபிடல் ரிடம்ப்ஷன் ரிசர்வ் என்ற ஒதுக்கு நிதிக்கு மாற்ற வேண்டிய தொகையும் 1,200-லிருந்து கழிய வேண்டும். அந்த மாற்றம் வாங்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு. எனவே இரண்டும் சேர்ந்து 300. வாங்கக்கூடியது 225 லட்சம், ரிசர்வுக்கு 75 லட்சம், பங்குகள் 7.5 லட்சம். மாட்யூல் இதை இரண்டு சமன்பாடாகப் போட்டுக் காட்டுகிறது. இந்தத் தெளிவு பல தனியார் ரிவிஷன் நோட்ஸில் இல்லை.

சாரான்ஷ் அட்டவணைகளும் படங்களுமாக நன்றாக இருக்கிறது. ஏஎஸ் (அக்கவுன்டிங் ஸ்டாண்டர்ட்ஸ்), கம்பெனி சட்டம், ஆடிட்டிங் மூன்றுக்கும் கடைசி நேரத்தில் புரட்ட ஏற்றது. முதல்முறை படிப்பவருக்கு இது புரியாது. தாள்களுக்கிடையே பெரும்பாலும் ஒரு நாள் இடைவெளி கிடைக்கும்; அந்த நாளுக்கு இதை ஒதுக்கிவையுங்கள்.

இன்டரின் ஆறு தாளும் மும்மூன்றாக இரண்டு குரூப். முப்பது நாளை ஒரு குரூப்புக்கு இப்படிப் பிரிக்கலாம். தாளுக்கு எட்டு நாள் வீதம் 24 நாள். அந்த எட்டில் முதல் நாள் ஆர்டிபியை விடை பார்க்காமல் போட்டு, எந்த அத்தியாயம் காலை வாருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஐந்து நாள் அந்த அத்தியாயங்களின் மாட்யூல் இல்லஸ்ட்ரேஷன்கள். ஏழாம் நாள் மதியம் 2 முதல் 5 வரை, தேர்வு நேரத்திலேயே, ஒரு எம்டிபி. எட்டாம் நாள் அதைத் திருத்தித் தவறுகளை ஒரே தாளில் எழுதுவது. மிச்சமுள்ள ஆறு நாள் அந்தத் தவறுத் தாள்களுக்கும் தாளுக்கு இன்னொரு எம்டிபிக்கும். கோஸ்டிங்கும் எஃப்எம்மும் (ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட்) தினமும் ஒரு மணி நேரமாவது கை வைக்காவிட்டால் வேகம் போய்விடும், அதனால் இரண்டாம் குரூப்காரர்கள் ஆடிட்டிங் வாரத்திலும் அவற்றை விடக் கூடாது. அனுமதிக்கப்படும் 12 இலக்கக் கால்குலேட்டரிலேயே, அதன் மெமரி பொத்தான்களைப் பயன்படுத்தியே போட்டுப் பழகுங்கள். போன் கால்குலேட்டரில் பழகிய விரல் தேர்வறையில் தடுமாறும்.

இரண்டு குரூப்பையும் ஒரு மாதத்தில் இதை வைத்து முடிக்கலாமா? வேண்டாம். தாளுக்கு 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் என்ற விதியில் இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்க்கும். மூன்று தாளிலும் 45 எடுத்தவர் தேறமாட்டார். ஆறு தாளில் 45 எடுக்கும் உழைப்பை மூன்று தாளில் போட்டால் குரூப் கைக்கு வரும். குரூப் தவறினாலும் ஒரு தாளில் 60 வாங்கி, அதை மறுபடி எழுதாமலிருக்க எக்ஸெம்ப்ஷனாவது பெற வழியுண்டு. 2025 முதல் இன்டர் ஜனவரி, மே, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. அடுத்த குரூப்புக்கு அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை.

போர்ட்டலைப் பற்றி மனக்குறைகளும் உண்டு. பாடங்கள் அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனி பிடிஎஃப். இறக்கிச் சேர்க்கவே ஒரு மாலை போகும். தமிழில் எதுவும் இல்லை. தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குச் சட்டத் தாளின் ஆங்கில நடை பெரிய சுவர், அதற்கு இங்கே உதவி கிடையாது. பாடத்தை இன்னும் தொடாதவர்களுக்கும் இது ஆகாது. அவர்களுக்கு வகுப்பு வேண்டும், அடுத்த அட்டெம்ப்டும் வேண்டும். மற்றவர்கள் ஆர்டிபியையும் எம்டிபிகளையும் மட்டும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொண்டு, மாட்யூலைத் திரையிலேயே பார்க்கலாம்.