ஏஎஃப்சியா, என்எஃப்சியா: புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸின் எஸ்ஆர்எஸ் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் ஏஎஃப்சி, என்எஃப்சி என்று தலா 16 அணிகள் கொண்ட இரண்டு கான்ஃபரன்ஸுகள் உண்டு. சீசன் டிசம்பரை நெருங்கும்போது ஒரு வாதம் தவறாமல் கிளம்பும்: இந்த ஆண்டு எந்த கான்ஃபரன்ஸ் பலமானது? பலரும் முதலில் திறப்பது புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவரத் தளத்தைத்தான். காரணம் இருக்கிறது. இலவசம், கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, 1920 தொடங்கி எல்லா சீசனும் கிடைக்கும். 1970 முதலான ஒவ்வோர் ஆண்டுப் பக்கத்தின் தலையிலும் ஏஎஃப்சிக்கு ஒன்று, என்எஃப்சிக்கு ஒன்று என இரண்டு பட்டியல்கள். வலப்பக்கத்தில் அணியின் பலத்தைப் புள்ளியில் அளக்கும் எஸ்ஆர்எஸ் (எளிய மதிப்பீட்டு முறை) என்ற நெடுவரிசை. பதினாறு அணிகளின் எஸ்ஆர்எஸ்ஸைக் கூட்டி பதினாறால் வகுத்தால் கான்ஃபரன்ஸின் பலம் வந்துவிடும் என்பதுதான் பரவலான நம்பிக்கை. தளம் அருமையானது. இந்த நம்பிக்கையில்தான் கோளாறு.

எஸ்ஆர்எஸ் கணக்கு எளிது. ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றது அல்லது தோற்றது என்பது எம்ஓவி. எதிரணிகளின் எஸ்ஆர்எஸ் சராசரி எஸ்ஓஎஸ். இரண்டையும் கூட்டினால் எஸ்ஆர்எஸ். 32 அணிகளின் மதிப்பும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே தீர்க்க வேண்டும்; மொத்தச் சராசரி பூஜ்யம். தனி அணிகளை ஒப்பிட இது நல்ல கருவி. 2024 சீசனில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் 15–2 (15 வெற்றி, 2 தோல்வி) என்று முடித்தாலும் புள்ளி வித்தியாசம் வெறும் 59 என்பதை வெற்றிக் கணக்கு சொல்லாது. இது சொல்லும்.

கான்ஃபரன்ஸ் சராசரி என்று வரும்போது கதை வேறு. 2021 முதல் ஒவ்வோர் அணிக்கும் 17 ஆட்டங்கள். 12 சொந்த கான்ஃபரன்ஸுக்குள், 5 எதிர் கான்ஃபரன்ஸுடன். உள்ளுக்குள் நடக்கும் ஆட்டத்தில் ஒருவர் பெற்றதை இன்னொருவர் இழக்கிறார், கூட்டினால் பூஜ்யம். ஆக, கான்ஃபரன்ஸின் மொத்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பவை இரு கான்ஃபரன்ஸுகளும் மோதும் 80 ஆட்டங்கள் மட்டுமே. சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால், இரு கான்ஃபரன்ஸ் எஸ்ஆர்எஸ் சராசரிகளுக்கு இடையிலான இடைவெளி என்பது அந்த 80 ஆட்டங்களின் நிகர வித்தியாசத்தை 80ஆல் வகுத்தது. தோராயமாக அல்ல, துல்லியமாகவே அவ்வளவுதான். எஸ்ஓஎஸ் திருத்தம் அணிகளை மேலும் கீழும் நகர்த்துகிறதே தவிர, இந்த இடைவெளிக்குப் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை.

இதில் ஒரு வசதியும் உண்டு. கடைசி வாரத்தில், நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் இடம் உறுதியான அணிகள் முக்கிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுப்பது வழக்கம். 2024இல் சீஃப்ஸ் அப்படித்தான் டென்வரிடம் 38–0 என்று தோற்றது. சீஃப்ஸின் எஸ்ஆர்எஸ்ஸை அது கெடுத்தது. ஆனால் கடைசி வார ஆட்டங்கள் எல்லாமே டிவிஷனுக்குள், அதாவது ஒரே கான்ஃபரன்ஸில் உள்ள நான்கு அணிக் குழுவுக்குள், நடப்பவை. கான்ஃபரன்ஸ் சராசரி அசையாது.

இனி 2024ஐயே முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். புள்ளி வித்தியாச நெடுவரிசையைக் கூட்டினால் என்எஃப்சி +170, ஏஎஃப்சி −170. 80ஆல் வகுத்தால் 2.1 புள்ளி இடைவெளி. வெற்றிக் கணக்கில் என்எஃப்சி 47–33. பார்த்தவுடன் என்எஃப்சி தெளிவாக மேலே என்றுதான் எவரும் எழுதுவார்கள்.

இப்போது அட்டவணையைப் பிரியுங்கள். 80இல் 64 ஆட்டங்கள் டிவிஷன் ஜோடிகளாக வருபவை. ஏஎஃப்சியின் ஒவ்வொரு டிவிஷனும் என்எஃப்சியின் ஒரு டிவிஷனை முழுதாகச் சந்திக்கும், ஜோடிக்கு 16 ஆட்டம். மிச்சம் 16, ஒவ்வோர் அணிக்கும் ஒன்றாக வேறொரு டிவிஷனுடன் வரும் '17ஆவது ஆட்டம்'. ஜோடிகள் நான்காண்டுச் சுழற்சியில் மாறும். 2024இல் என்எஃப்சி நார்த்துக்கு வாய்த்தது ஏஎஃப்சி சவுத். லயன்ஸ், வைகிங்ஸ், பேக்கர்ஸ் மூன்றும் நாலுக்கு நாலு வென்றன. பேர்ஸ் மட்டும் 2–2. ஆக 14–2, நிகர வித்தியாசம் +197. மொத்தமே +170 அல்லவா? அந்த ஒரு ஜோடியை எடுத்துவிட்டால் மிச்சமுள்ள 64 ஆட்டங்களில் வெற்றி 33–31 என்று என்எஃப்சி பக்கம், புள்ளியிலோ ஏஎஃப்சி 27 முன்னால். "என்எஃப்சி ஆதிக்கம்" என்று தோன்றியது உண்மையில் ஒரு டிவிஷன் இன்னொரு டிவிஷனை அடித்து நொறுக்கியது. அதே என்எஃப்சி நார்த் அணிகள் 17ஆவது ஆட்டத்தில் ஏஎஃப்சி ஈஸ்ட்டைச் சந்தித்தபோது 2–2, நிகரம் −3. எஸ்ஆர்எஸ் சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இதில் எதுவுமே தெரியாது.

பெரிய வித்தியாசங்களுக்கு எஸ்ஆர்எஸ்ஸில் உச்சவரம்பு இல்லை என்பதும் சேர்ந்துகொள்கிறது. லயன்ஸ் டைட்டன்ஸை 52–14 என்றும் ஜாகுவார்ஸை 52–6 என்றும் வென்றது. அந்த இரண்டே ஆட்டம் 84 புள்ளி. 80ஆல் வகுத்தால் கான்ஃபரன்ஸ் இடைவெளியில் 1.05. அதாவது பாதி. இரண்டாவது ஆட்டத்தில் தாக்குதலை வழிநடத்தும் ஜாகுவார்ஸின் வழக்கமான குவார்ட்டர்பேக் டிரெவர் லாரன்ஸ் காயத்தால் ஆடவே இல்லை. இப்படிப்பட்ட ஆட்டங்களை 21 புள்ளியோடு வெட்டி ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்லது. இரண்டு விடைகளும் வெகுதூரம் விலகினால் எதையும் அடித்துச் சொல்லாதீர்கள்.

சொந்த மைதானச் சாதகத்தையும் இந்த எண் கழிப்பதில்லை. ஜோடி ஆட்டங்கள் 32–32 என்று சமமாகப் பிரிந்துவிடும். சிக்கல் 17ஆவது ஆட்டத்தில். அந்த 16 ஆட்டங்களையும் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஏஎஃப்சியும் இரட்டைப்படை ஆண்டுகளில் என்எஃப்சியும் நடத்துகின்றன. மைதானத்தின் மதிப்பு 2 புள்ளி என்று வைத்தால் 32 புள்ளி இலவசம், இடைவெளியில் 0.4. 2024இல் என்எஃப்சியின் 'சொந்த' ஆட்டங்களில் இரண்டு, வைகிங்ஸ்–ஜெட்ஸும் பேர்ஸ்–ஜாகுவார்ஸும், லண்டனில் நடந்ததால் 0.35 போதும். சிறிய எண்தான். ஆனால் விவாதிக்கப்படும் இடைவெளியே 1, 2 என்று இருக்கும்போது அதைக் கழிக்காமல் விடக்கூடாது.

இத்தனைக்கும் பிறகு தற்செயல் இருக்கிறது. ஒரு என்எஃப்எல் ஆட்டத்தின் புள்ளி வித்தியாசம் ஏறத்தாழ 13 புள்ளி திட்டவிலக்கத்தோடு ஆடும். 80 ஆட்டச் சராசரியின் பிழை 1.5 புள்ளியை ஒட்டி வரும். எனவே 1.5க்குள் இருப்பதைச் சமம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 3ஐத் தாண்டினால்தான் தைரியமாகப் பேசலாம். வெற்றிக் கணக்கில் 80க்கு 49 வந்தால் அதே தரம். ஐயத்துக்கு இடமில்லாத ஆண்டு வேண்டுமென்றால் 2004: அப்போது 64 ஆட்டங்கள், ஏஎஃப்சி 44–20. சமபலம் என்று வைத்தால் எதிர்பார்க்கும் 32ஐவிட மூன்று திட்டவிலக்கம் மேலே. இரு கான்ஃபரன்ஸ் சாம்பியன்களும் மோதும் இறுதியாட்டமான சூப்பர் பவுலை அளவுகோலாகப் பிடிப்பவர்களிடம் இந்தக் கணக்கு எடுபடாது. 1984 முதல் 1996 வரையிலான 13 சீசன்களிலும் என்எஃப்சியே கோப்பையை வென்றது உண்மை. ஆனால் ஆண்டுக்கு ஓர் ஆட்டம் 16 அணிகளின் சராசரியைச் சொல்லாது, உச்சியில் இருக்கும் ஓர் அணியைத்தான் சொல்லும்.

தளத்தில் எதிர் கான்ஃபரன்ஸ் வெற்றிகளை எடுக்க ஒரு குறுக்குவழி உண்டு. ஒரு கான்ஃபரன்ஸுக்குள் நடப்பவை 96 ஆட்டங்கள், எனவே 96 வெற்றிகள். ஏஎஃப்சி பட்டியலின் வெற்றி நெடுவரிசையைக் கூட்டி 96ஐக் கழியுங்கள். 2024இல் 129 − 96 = 33. சமன் ஆட்டங்கள் வந்தால் கவனம் தேவை. 2022இல் கோல்ட்ஸ்–டெக்ஸன்ஸ் சமனாக முடிந்தது, பில்ஸ்–பெங்கால்ஸ் கைவிடப்பட்டது. இரண்டுமே ஏஎஃப்சிக்குள் என்பதால் 94ஐத்தான் கழிக்க வேண்டும். என்எஃப்சியில் கமாண்டர்ஸ்–ஜயன்ட்ஸ் சமன், எனவே 95. சரியான விடை என்எஃப்சி 41–39. கண்ணை மூடிக்கொண்டு 96ஐக் கழித்தால் 40–37 என்று வந்து மூன்று ஆட்டங்கள் காணாமல் போகும். 2021இல் லயன்ஸ்–ஸ்டீலர்ஸ் சமன் இரு கான்ஃபரன்ஸுகளுக்கு இடையிலானது. அங்கே 96 அப்படியே இருக்கும், கூட்டுத்தொகைதான் 79.

ஜோடிவாரியாகப் பிரிக்க ஆட்ட முடிவுகளின் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக இறக்க வேண்டும். பட்டியலுக்கு மேலேயே அதற்கான பொத்தான் உண்டு. பிறகுதான் வேலை. வரிசைகள் வென்றவர், தோற்றவர் என்று இருக்கும். வென்ற அணி வெளியூரில் ஆடியிருந்தால் நடுவே '@' குறி. சொந்த மைதானம் யாருடையது என்பதை அதிலிருந்து நீங்களே பிரிக்க வேண்டும். தலைப்பு வரி இடையிடையே திரும்ப வரும், அவற்றை நீக்காவிட்டால் கூட்டல் தவறாகும். அணி எந்த கான்ஃபரன்ஸ் என்ற நெடுவரிசையே இல்லை. 32 வரியில் ஒரு துணைப் பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். தரவரிசைப் பட்டியலை எடுத்தால் பிளேஆஃப் போன அணிகளின் பெயரோடு '*', '+' ஒட்டிக்கொண்டு வந்து பொருத்தத்தைக் கெடுக்கும், முதலிலேயே களையுங்கள். 2002க்கு முன்னால் போவதென்றால் துணைப் பட்டியலில் சீஹாக்ஸை ஏஎஃப்சிக்கு மாற்ற மறக்கக்கூடாது. எஸ்ஆர்எஸ் ஒரு தசமத்துக்கு முழுமையாக்கித் தரப்படுவதால் 16ஐக் கூட்டும்போது பிழை சேரும். புள்ளி வித்தியாச நெடுவரிசையைக் கூட்டுவதே சுத்தம்.

நிரலாக்கம் தெரிந்தவர்களுக்கு என்எஃப்எல்வெர்ஸ் என்ற திறந்த தரவுத் திட்டத்தின் ஆட்டக் கோப்பு இந்தத் தலைவலியில் பெரும்பகுதியைத் தீர்க்கும். அதில் சொந்த அணி, வெளியூர் அணி, நடுநிலை மைதானம் எல்லாம் தனித்தனி நெடுவரிசைகள். 1999க்கு முந்தைய சீசன்களுக்கு மட்டும் திரும்பவும் ரெஃபரன்ஸ் தளத்துக்கே வர வேண்டும்.